முதுகில் எட்டாத இடம்

ஜூன் 3, திங்கள்

கம்பெனி கொடுத்த தாளில் பொய் எழுத வேண்டியிருக்கும் என்று இன்றே தெரிந்துவிட்டது. அதனால் உண்மையை எழுத இந்த நோட்டை வாங்கினேன். விடுதி வாசல் பெட்டிக்கடையில் அட்டையில் ரோஜாப்பூ போட்ட நோட்டுதான் இருந்தது. பரவாயில்லை.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து பஸ் ஏறப்போன எங்களைக் கேன்டீனுக்குத் திருப்பிவிட்டார்கள். மூன்றாவது லைன் பெண்கள், முப்பத்தெட்டுப் பேர். மேடையில் பத்ரி சார். போன மாதம்வரை லீவு கேட்டு எழுதினால் கிழித்துப் போடுகிற வேலையில் இருந்தவர். இப்போது நல்வாழ்வு அதிகாரி. சட்டைப் பையில் அதற்கு ஒரு பச்சை அட்டை.

"தோள் வலி, கை வலின்னு இந்த லைன்லேர்ந்து நிறைய கம்ப்ளெயின்ட். மேனேஜ்மென்ட் ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டிருக்கு" என்றார்.

சீரியஸாக எடுத்துக்கொண்டதற்கு அடையாளமாக ஆளுக்கு ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்தார்கள். நல்லெண்ணெயில் ஏதேதோ மூலிகை போட்டுக் காய்ச்சியது. இருபத்தொரு நாள், தினமும், வீட்டில், தனிமையில், நம் உடம்புக்கு நாமே வெதுவெதுப்பாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். கை கால் எலும்பில் நேராக, மூட்டில் வட்டமாக. தேய்த்ததும் தாளில் எழுத வேண்டும். கடைசியில் ஒரு உடல் வரைபடம். வலி மிச்சமிருந்தால் அந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். படத்தில் இருப்பது மொட்டைத் தலையும் புடைத்த மார்புமாக ஒரு ஆண்பிள்ளை. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.

எங்கள் வேலை இதுதான். சார்ஜர் டப்பா பெல்ட்டில் வரும். தலைக்கு மேலே ஸ்பிரிங்கில் தொங்கும் கரண்ட் திருப்புளியை எட்டி இழுத்து, இரண்டு ஸ்க்ரூ முடுக்கி, விட வேண்டும். அது மேலே போய்விடும். இருபது விநாடியில் அடுத்த டப்பா. மறுபடி எட்ட வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து முந்நூறு தடவை, நின்றபடி. ஆறடி ஆட்கள் வாழும் ஏதோ நாட்டில் அளவெடுத்த மேசை. எங்கள் லைனில் ஆக உயரமானவள் ஐந்தடி இரண்டு அங்குலம்.

என் அறையில் இருக்கும் ரோஸ்லின் அக்கா கை தூக்கினாள். இடது கையை. "சார், நிக்கிறதுக்கு நாலு இஞ்ச் ஒசரத்துல ஒரு பலகை போட்டுக் குடுத்தா போதும் சார்." போன வருஷமும் இதையேதான் கேட்டாள்.

"லைன் லேஅவுட் ஹெட் ஆபீஸ்லேர்ந்து வர்றதும்மா. அதை மாத்த முடியாது. நம்மள நாமதான் மாத்திக்கணும்."

என் பயிற்சிக் காலம் இந்த மாதம் முப்பதாம் தேதி முடிகிறது. நிரந்தரப் பட்டியலில் பெயர் வர இந்தத் தாளில் 'தகுதி' முத்திரை விழ வேண்டும். வலி இருப்பவர்களைப் 'பூரண ஓய்வு'க்கு அனுப்புவார்களாம். அதாவது ஊருக்கு. ஊரில் எனக்குக் காத்திருப்பது தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலைதான்.

எனக்கு வலி எதுவும் இல்லை. இதை முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

எப்படித் தேய்ப்பது என்று செல்லுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒரு பெண் குளியலறையில் மர ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் வட்டம் போடுகிறாள். பக்கத்தில் விளக்கு, வெள்ளைப் பூ, பித்தளைக் கிண்ணம். அந்தக் குளியலறை எங்கள் அறையைவிடப் பெரிது. எங்கள் அறையில் எட்டுப் பேர் இருக்கிறோம். மாடிக்கு மூன்று குளியலறை. தண்ணீர் சாயங்காலம் ஒரு மணி நேரம் வரும்.

எண்ணெயைச் சுட வைப்பதுதான் முதல் சிக்கல். அடுப்புக்குத் தடை. கெட்டிலுக்கும் தடை. சுடுதண்ணீர் கேட்டு மெஸ்ஸுக்குப் போனால், சாம்பார் வேண்டுமானால் சூடாக இருக்கிறது என்றார்கள்.

செங்கொடிதான் வழி கண்டுபிடித்தாள். திருவாரூர்ப் பெண். அவள் அப்பா கட்சிக்காரர், அதனால் அந்தப் பெயர். வார்டன் சுலோச்சனா மேடம் அவளை 'கொடி' என்று மட்டும்தான் கூப்பிடுவார். முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கம்பெனி காதில் விழுந்துவிடும் என்று பயம். செங்கொடி இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்தி அதன்மேல் எவர்சில்வர் டம்ளரை வைத்தாள்.

"காட்டன்ல வைக்கவா, சில்க்ல வைக்கவா?"

"சில்க்ல வை. மேனி பட்டு மாதிரி ஆவணும்ல" என்றாள் ரோஸ்லின் அக்கா.

சுட்டது. எல்லாருக்கும் வரிசையாக ஊற்றினாள். சும்மா சொல்லக் கூடாது, பாதத்தில் தேய்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. எட்டு மணி நேரம் நின்ற கால். எண்ணெய் மேல் எனக்குக் கோபமில்லை.

ஜூன் 5, புதன்

மெஸ்ஸில் டம்ளர் கைநழுவி விழுந்தது. எண்ணெய் வழுக்கல்.

ஜூன் 6, வியாழன்

இன்று கம்பெனிக்கு நாங்கள் யாரும் வரவில்லை. அதாவது வந்தோம், ஆனால் வரவில்லை.

வாசலில் கட்டைவிரல் வைக்கிற மெஷின் இருக்கிறது. விரலைப் படித்தால் நன்றி சொல்லும். படிக்க முடியாவிட்டால் 'மறுபடியும் முயற்சிக்கவும்' என்று ஒரு பெண் குரல், தேன் தடவியதுபோல. மூன்று நாள் எண்ணெயில் ஊறிய விரல் ஒன்றையும் அதனால் படிக்க முடியவில்லை. பாவாடையில் துடைத்தோம், சுவரில் தேய்த்தோம், செங்கொடி மண்ணில் தேய்த்தாள். முப்பத்தெட்டுப் பேருக்கும் 'மறுபடியும் முயற்சிக்கவும்.' அதற்குள் ஆறு மணி சங்கு ஊதிவிட்டது.

வாட்ச்மேன் ஏகாம்பரம் அண்ணன் கடைசியில் பழைய வருகை நோட்டைத் தூசி தட்டி எடுத்தார். "இன்னாமா இது, வடை சுட்டுட்டு நேரா வந்துட்டீங்களா?" என்று ஒவ்வொரு பெயராக எழுதி உள்ளே விட்டார். பெல்ட் ஓட வேண்டுமே.

மதியம் பத்ரி சார் வந்தார். மெஷின் கணக்குப்படி நாங்கள் ஆப்சென்ட். நோட்டுக் கணக்குப்படி பிரசென்ட்.

"சார், நீங்க குடுத்த எண்ணெய்தான் சார்" என்றேன்.

"எண்ணெய் மேல தப்பு இல்லம்மா. தேய்ச்சிட்டுச் சரியா குளிக்கணும்."

"தண்ணி ஒரு மணி நேரம்தான் சார் வருது."

"அது விடுதி சப்ஜெக்ட். நான் வெல்னஸ்."

நாளை முதல் எல்லாரும் சீயக்காய்த் தூளைக் காகிதத்தில் மடித்து வாசலுக்குக் கொண்டுவர வேண்டுமாம். ஏகாம்பரம் அண்ணன் ஒரு குடம் தண்ணீர் வைப்பாராம். நல்வாழ்வுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 7, வெள்ளி

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்று வார்டன் மேடத்துக்கு ஞாபகம் வந்துவிட்டது. காலை நான்கு மணிக்கு எழுந்த நாங்கள் ஷிப்ட் முடிந்து வந்து குளித்ததும் பாயில் விழுந்தோம். மேடம் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக அறை அறையாக வந்து தட்டினார்.

"பொண்ணுங்களா, எழுந்திரிங்க! ஜன்னி கண்டுரும்! எனக்குத்தான் பதில் சொல்லணும்!"

"மேடம், தினமும் தேய்க்கச் சொல்லியிருக்காங்க. அப்ப இருபத்தொரு நாளும் தூங்கக் கூடாதா?"

மேடம் யோசித்தார். "உக்காந்து தூங்கு" என்றார்.

எட்டுப் பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தூங்கினோம். சுவரில் எட்டு எண்ணெய்த் தலை.

தலை சீவும்போது இடது கையால் சீவிப் பார்த்தேன். மூளைக்கு நல்லது என்று எங்கோ படித்திருக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று லீவு. நிதானமாக முழு உடம்புக்கும் தேய்ப்பது என்று முடிவு செய்தோம். அப்போதுதான் ஒன்று புரிந்தது. தனக்குத்தானே தேய்த்துக்கொள்கிறவளுக்கு முதுகின் நடுப்பகுதி கிடையாது. மேலேயிருந்து கை போனாலும் எட்டாது, கீழேயிருந்து வந்தாலும் எட்டாது. வீடியோக்காரியும் அந்த இடத்தில் படத்தை வெட்டிவிட்டாள். மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். முதுகு வருகிற நேரம் வெள்ளைப் பூவைக் காட்டுகிறார்கள்.

சாம்பார்க் கரண்டியில் துணி சுற்றிப் பார்த்தோம். துண்டை நனைத்து இரண்டு முனையும் பிடித்து இழுத்துப் பார்த்தோம். செங்கொடி சுவரில் எண்ணெயைத் தடவிவிட்டு எருமை மாதிரி முதுகை வைத்துத் தேய்த்தாள். சுண்ணாம்போடு வந்தது.

ரோஸ்லின் அக்கா எதையும் முயற்சிக்கவில்லை. ராமேஸ்வரம் பக்கத்துக் கடற்கரைப் பெண், நான்கு வருஷமாக இந்த லைனில் நிற்கிறவள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளால் வலது கையைக் காதுவரைகூடத் தூக்க முடியாது; லைனில் திருப்புளியை இடது கையால்தான் இழுக்கிறாள். ஒரு மாதமாக நைட்டி மட்டும்தான். ஜாக்கெட் போட முடியவில்லை. எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

"ஏட்டி பேச்சி, நீ கொஞ்சம் ஊத்தித் தேச்சு விடேன்."

என் பெயர் முத்துப்பேச்சி. அவள் மட்டும்தான் என்னை எங்கள் ஊர் மாதிரி ஏட்டி போட்டுக் கூப்பிடுவாள். என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

"தனக்குத்தானேன்னு போட்டிருக்குக்கா."

"நான் கண்ண மூடிக்கிறேன். நீதான் நானுன்னு நெனச்சுக்கிறேன்."

தேய்த்தேன். வலது தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம், முதுகெலும்பு ஓரம், விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு கட்டி. அழுத்தினால் நழுவியது. அழுத்தியதும் ரோஸ்லின் அக்கா "மாதாவே" என்றாள். அப்புறம் அழுதாள். அப்புறம், "இன்னும் கொஞ்சம் சூடா ஊத்து" என்றாள்.

வலி எந்த இடம் என்று கேட்டதற்குப் பக்கத்தில் கிடந்த தன் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாள். எண்ணெய் விரல். மொட்டை மனிதனின் முதுகில் ஒரு பொட்டு விழுந்து, பரவி, நின்றுவிட்டது.

ஜூன் 10, திங்கள்

செங்கொடி தனக்கும் தேய்த்துவிடச் சொன்னாள். அவள் சேர்ந்து பதினோரு மாதம்தான் ஆகிறது. வயது இருபது.

வலது தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம். முதுகெலும்பு ஓரம். கொஞ்சம் சின்னது. மிளகு அளவு.

"என்னக்கா, பேச்ச நிறுத்திட்ட?"

"ஒண்ணுமில்ல."

ஜூன் 12, புதன்

செய்தி மாடி முழுக்கப் பரவிவிட்டது. நான்காம் நம்பர் அறையில் நன்றாகத் தேய்த்துவிடுகிறார்கள் என்று மூன்று மணிக்கே வராந்தாவில் வரிசை. ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்து, முன்னால் இருப்பவள் முதுகில் தேய்த்தோம். ரயில் விளையாட்டு மாதிரி. வராந்தா முழுக்க ஒரே ரயில். செங்கொடி வாயால் விசில் ஊதினாள். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறியது.

எங்கள் அறையில் என்னைத் தவிர ஏழு பேருக்கும் அதே இடத்தில் இருக்கிறது. மற்ற அறைகளைச் சேர்த்தால் இன்று கை வைத்தவரை பத்தொன்பது பேர். சிலருக்குப் புளியங்கொட்டை, சிலருக்கு மிளகு. ஒருத்திக்குக் கூட இடது பக்கம் இல்லை. ஒருத்திக்குக் கூட இரண்டு விரற்கடை தள்ளி இல்லை.

எனக்கு யாரையும் தேய்க்க விடவில்லை. நான் இன்ஜின் என்று சொல்லிக் கடைசியில் உட்கார்ந்துகொண்டேன். இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும் ரயிலும் உண்டு.

வார்டன் மேடம் வந்து பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "இது என்ன கூட்டம்? யாரு கூட்டினது?"

"எண்ணெய் தேய்க்கிறோம் மேடம்."

"தனித்தனியாத் தேய்க்கணும். சேர்ந்து தேய்ச்சா அது வேற. கொடி, நீதானா இதுக்குத் தலைமை?"

சாயங்காலத்துக்குள் நோட்டீஸ் பலகையில் சுற்றறிக்கை. 'ஒருவர் மற்றவருக்கு எண்ணெய் தேய்ப்பது திட்டத்தின் நோக்கத்துக்கு மாறானது. அவரவர் வலிக்கு அவரவரே பொறுப்பு.'

கையெழுத்து கோணலாக வருகிறது. பேனா சரியில்லை.

ஜூன் 13, வியாழன்

ரோஸ்லின் அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். வாரம் ஒருமுறை ஆபீசில் காட்டும் தாளில் அவள் உண்மையை எழுதியிருந்தாள். 'வலது கை தூக்க முடியவில்லை. பலகை வேண்டும்.' தமிழில், முத்து முத்தாக, இடது கையால்.

திரும்பி வந்து சொன்னாள்: "எனக்கு வாதமாம்ல. பொறந்ததுலேர்ந்தே வறண்ட ஒடம்பாம். மேசை ஒசரமில்லயாம், நான்தான் வறட்சியாம்."

"பலகை?"

"அந்தத் தாள்ல வாதம், பித்தம், கபம்னு மூணு கட்டந்தான் இருக்கு. பலகைன்னு கட்டமே இல்லயாம்."

பூரண ஓய்வு. தேதி போடவில்லை.

ஜூன் 14, வெள்ளி

வாரக் கடைசிவரை வரலாம் என்று நினைத்து ரோஸ்லின் அக்கா காலையில் எங்களோடு பஸ்ஸில் வந்தாள். சீயக்காய் போட்டு விரலைப் பளபளவென்று கழுவியிருந்தாள். மெஷின் உடனே படித்துவிட்டது. இதுவரை நாங்கள் கேட்டிராத ஒன்றைச் சொன்னது. 'அனுமதி இல்லை.'

குரல் அதே பெண் குரல்தான். அதே தேன்.

ஏகாம்பரம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "மெஷின் சொன்னா நான் நிறுத்தணும்மா. அதான் என் வேலை."

நான் உள்ளே போனேன். சங்கு ஊதிவிட்டது. வேறு என்ன செய்ய?

ஜூன் 16, ஞாயிறு

ரோஸ்லின் அக்காவின் தம்பி வந்து அழைத்துக்கொண்டு போனான். பெட்டியை நான் தூக்கவில்லை, செங்கொடி தூக்கினாள். எனக்கு வேறு வேலை இருந்தது.

பாதி எண்ணெயோடு பாட்டிலையும், பொட்டு விழுந்த வரைபடத்தையும் என்னிடம் கொடுத்தாள். நான்தான் அறைத் தலைவி, எட்டுத் தாளையும் நான்தான் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

"இதையும் சேத்துக் குடுத்துரு."

"நீங்கதான் போயிட்டீங்களேக்கா."

"நான்தான போறேன்? வலி இங்க உள்ளதுதான?" கொஞ்சம் நின்றாள். "ஏட்டி, ஒனக்கு ஒருக்காத் தேச்சு விடட்டா? எடது கையாலதான்."

"எனக்கு ஒண்ணுமில்லக்கா."

"சரி" என்றாள். அவள் என் துணிகளை மொட்டைமாடிக் கொடியில் இடது கையால் எத்தனை நாளாகக் காயப்போட்டு வந்தாள் என்பதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

கம்பெனித் தாளில் எழுதியது: 'இன்று உற்சாகமாக உணர்ந்தேன்.' பதினாறாவது தடவை.

ஜூன் 20, வியாழன்

மீதி ஆறு பேரும் தங்கள் வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டார்கள். நான் சொல்லவில்லை. பென்சிலாலும் வைக்கவில்லை. ஒருத்தி கண்ணை மூடிக்கொள்வாள், இன்னொருத்தி அவள் முதுகில் கட்டியைத் தேடி அழுத்துவாள், "இங்கயா?" "அங்கதான்!" அந்த எண்ணெய் விரலைத் தாளில் அதே இடத்தில் வைத்து எடுப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றறிக்கைக்கு எதிராக.

"பென்சில்ல வச்சா அழிச்சிருவாங்கக்கா. எண்ணெயை எவன் அழிப்பான்?" என்றாள் செங்கொடி.

நான் நடைமுறைக்காரி. தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் ஒன்றின் எண்ணெய் இன்னொன்றில் இறங்கிவிட்டது என்று பத்ரி சார் சொல்வார். அதனால் தனித்தனியாகக் கொடியில் க்ளிப் போட்டுத் தொங்கவிடச் சொன்னேன். ரோஸ்லின் அக்காவுடையதையும் சேர்த்து ஏழு. ஏழு மொட்டை மனிதர்கள் மூன்று நாளாக எங்கள் உள்பாவாடைகளுக்கு நடுவில் காய்கிறார்கள்.

என் தாள் பெட்டிக்குள் இருக்கிறது. சுத்தமாக.

ஜூன் 23, ஞாயிறு

இருபத்தொன்றாவது நாள். காய்ந்த தாள்களைத் தட்டி அடுக்கி ஜன்னலோரம் சரிபார்த்தேன். மேற்கு வெயில். ஏழு தாளையும் சேர்த்துப் பிடித்தபோது மற்ற இடமெல்லாம் அட்டைபோல் கெட்டியாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில், வலது தோளுக்கு உள்பக்கம், வெளிச்சம் நேராக வந்து என் கன்னத்தில் விழுந்தது.

செங்கொடி சத்தம் போட்டுச் சிரித்தாள். "ஓட்ட போட்ட மாதிரி இருக்குக்கா! ஏழு பேருக்கும் ஒரே ஓட்ட!"

பிறகு ஒவ்வொருத்தியாக வந்து தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

என் தாளை மேலே வைத்தேன். வெளிச்சம் மங்கிவிட்டது. செங்கொடி பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பேன்.

ஜூன் 24, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஷிப்ட் முடிந்து ஆபீசுக்குப் போனேன். பத்ரி சார் மேசையில் முத்திரை, மை, ஒரு சின்னப் புத்தர் பொம்மை. என் தாள்தான் மேலே. திருப்பிப் பார்த்தார். "எக்ஸலென்ட். இருபத்தொரு நாளும் உற்சாகம். புள்ளியே இல்ல." டப்பென்று 'தகுதி' குத்தினார். இரண்டு வருஷமாக நான் காத்திருந்த சத்தம். அவ்வளவு சின்னச் சத்தமாக இருக்கும் என்று தெரியாது.

அடுத்த தாளை எடுத்தார். அடுத்தது. அடுத்தது.

"என்னம்மா இது, பஜ்ஜி மடிச்ச பேப்பர் மாதிரி? பென்சில்ல தானே வைக்கச் சொன்னோம்?"

"சேர்த்துப் பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க சார்."

பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் அவர் மூக்கில் வட்டமாக விழுந்தது. தாளை ஆட்டினார், வட்டம் நெற்றிக்குப் போனது.

"ஏழு பேருக்கும் ஒரே இடம் சார். திருப்புளியை எட்டுற கை. நாலு இஞ்ச் பலகை போட்டாப் போதும்."

"ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு எண்ணெய் எறங்கியிருக்கும்."

"தனித்தனியா க்ளிப் போட்டுக் காயவச்சோம் சார்."

அவர் கொஞ்ச நேரம் புத்தரைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. என் தாளை எடுத்து அந்த ஏழின் மேல் வைத்தார்.

"இங்க பாரும்மா. நீயும் அதே லைன். அதே மேசை. அதே ஷிப்ட். ரெண்டு வருஷம். உனக்கு வலி இல்ல. அப்ப மேசை மேல தப்பு இல்லன்னு ஆவுதா இல்லையா? உன் தாளே போதும் எனக்கு. ஹெட் ஆபீசுக்கு இதையே ப்ரூஃபா அனுப்புறேன். முத்துப்பேச்சிக்கு வராத வலி மத்தவங்களுக்கு ஏன் வருது? அவங்க சரியாத் தேய்க்கல."

அந்த ஆளை அறையலாம்போல் இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் கையில் இருந்த தாளின்படி அது சரிதான். அந்தத் தாளை எழுதியது நான்.

தலையில் காலையில் வைத்த எண்ணெய் இருந்தது. பின்னலை முன்னால் எடுத்து, கட்டைவிரலை அதில் அழுத்தித் துடைத்து, என் தாளில் மொட்டை மனிதனின் வலது தோளுக்கு உள்பக்கம் வைத்தேன். நன்றாக அழுத்தினேன். எண்ணெய் மெதுவாகப் பரவி 'தகுதி'யின் 'த'வைத் தொட்டது.

பத்ரி சார் எழுந்துவிட்டார். "ஏய்! முத்திரை குத்தின டாக்குமென்ட்ம்மா அது! குத்தினதுக்கு அப்புறம் வலி வரக் கூடாது!"

"முன்னாடியே வந்தது சார். ஒரு வருஷமா இருக்கு."

"இதோட அர்த்தம் தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

"போய் வெளில இரு."

வெளியில் இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து, "நாளைக்குத் தெரியும், போ" என்று ஆள் அனுப்பினார்கள். எங்கே தெரியும் என்று கேட்கவில்லை. மெஷினில்தான்.

ஜூன் 25, செவ்வாய்

காலையில் சீயக்காய் போட்டு மூன்று தடவை விரலைக் கழுவினேன். தெரிந்துகொள்வதாக இருந்தால் சுத்தமாகத் தெரிந்துகொள்ளலாம் என்று.

பஸ்ஸில் செங்கொடி முன் சீட்டிலிருந்து எழுந்தாள். கையில் ரோஸ்லின் அக்கா விட்டுப்போன பாட்டில்.

"எல்லாரும் கட்டவிரல நீட்டுங்கடி."

"என்னத்துக்குடி?"

"நல்வாழ்வுக்கு."

ஒவ்வொரு சீட்டாக வந்தாள். என்னிடம் வந்தபோது நான் கையை இழுத்துக்கொண்டேன். "கொடி, வேண்டாம். உங்க எல்லாருக்கும் ஆப்சென்ட் விழும்."

"விழட்டும். பெல்ட்ட பத்ரி சார் ஓட்டட்டும்" என்று என் விரலைப் பிடித்து இழுத்து ஊற்றினாள். புடவை கட்டிய கண்டக்டர் அம்மா சீட் நாசமாகிறது என்று கத்தினார்.

வாசலில் ஐந்து ஐம்பதுக்கு முதல் விரல். 'மறுபடியும் முயற்சிக்கவும்.' இரண்டாவது, மூன்றாவது. தேன் ஒழுக ஒழுக முப்பத்தேழு தடவை சொல்லியது. நான் பதினேழாவதாக வைத்தேன். எனக்கும் அதேதான் சொல்லியது. என் பெயரை எடுத்துவிட்டார்களா இல்லையா என்று அதற்கே தெரியவில்லை.

ஏகாம்பரம் அண்ணனின் செல் அடித்தது. "ஆமா சார்... எல்லாம் வந்துருக்காங்க சார்... இல்ல சார், மெஷின்ல யாரும் வரல... ஆறு ஆவப் போவுது சார், பெல்ட்டு ஓடணுமா வேணாமா, அத்த மட்டும் சொல்லுங்க." செல்லை வைத்தார். நோட்டை எடுத்தார்.

என் முறை வந்தபோது பேனாவை நிறுத்தினார்.

"நேத்து சாயங்காலம் ஒரு பேரு குடுத்தாங்கமா. மெஷின்ல எடுத்தாச்சு, மெஷின் சொன்னா நிறுத்துன்னாங்க."

நான் எண்ணெய் விரலை மடக்கிக்கொண்டேன்.

"மெஷின் ஒண்ணும் சொல்லலியே" என்றார். "மறுபடியும் முயற்சிக்கத்தானே சொல்லுது." எழுதினார். முத்துப்பேச்சி, மூன்றாவது லைன். நான் தொட்ட இடத்தில் நோட்டு எண்ணெயானது.

உள்ளே போனதும் ஸ்க்ராப் அட்டைப் பெட்டிகளை மடித்து மடித்துக் காலடியில் போட்டுக்கொண்டோம். லைன் முழுக்க. சூப்பர்வைசர் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், டீ குடிக்கப் போய்விட்டார். ஏழு மணிவரை திருப்புளி கைக்கு வந்தது. பத்து மணிக்குள் அட்டை நசுங்கி ஒரு இஞ்ச் ஆகிவிட்டது. மறுபடி மடித்தோம்.

நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. முப்பதாம் தேதியும் தெரியாது. பாட்டிலில் இன்னும் கால்வாசி இருக்கிறது.

மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு ரயிலில் நடுவில் உட்கார்ந்தேன். செங்கொடி பின்னால். சில்க் சூட்டில் எண்ணெய். தேடவே இல்லை, விரல் நேராக அங்கே போய் நின்றது.

"அக்கா," என்றாள், "ஒன்னுது எலுமிச்சங்கா."

எலும்பு ஓரம், ஒரு வருஷம் மூன்று மாதம். சட்டை மாட்டும்போது, வாளி தூக்கும்போது, தூக்கத்தில் புரளும்போது. வலிக்கிறது. இன்று இந்தப் பக்கத்தை இடது கையால் எழுதுகிறேன். இரண்டு வாரமாகவே இப்படித்தான். பேனா நல்ல பேனாதான்.